ஜன்னல் வழியே பட்டணத்தை வரைந்த வயல்வெளி ஓவியர்

தரங்கம்பாடியில் டென்மார்க் நாட்டுக் கொடி பறந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1620-ல் தஞ்சை நாயக்க மன்னரிடம் இடம் பெற்றுக் கோட்டை கட்டிய டேனியர்கள், 1845-ல்தான் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதே கொடி உலகின் இன்னொரு மூலையிலும் பறந்தது. கரீபியன் கடலில் செயின்ட் தாமஸ் என்றொரு சிறு தீவு. அங்கே ஷார்லட் அமலி என்ற துறைமுகப் பட்டணத்தில், 1830 ஜூலை 10-ஆம் தேதி, ஒரு கடைக்காரர் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்றைக்குத் தரங்கம்பாடியில் வாழ்ந்த தமிழர்களும் இந்தக் குழந்தையும் ஒரே அரசரின் குடிகள். கமீல் பிஸாரோ என்ற அந்தக் குழந்தைதான் பின்னாளில் பிரான்ஸ் நாட்டின் வயல்களையும், அதற்கும் பின்னால் பாரிஸ் மாநகரின் தெருக்களையும் வரைந்து பெயர் பெற்றது.

செயின்ட் தாமஸ் நம் பினாங்கு மாதிரியான ஊர். சுங்க வரி இல்லாத துறைமுகம். பல நாட்டுக் கப்பல்கள், பல மொழி பேசும் வியாபாரிகள், கரையோரம் கிடங்குகள், பின்னால் பச்சை மலை. பிஸாரோவின் அப்பா பிரான்ஸில் போர்தோ நகரைச் சேர்ந்த யூதர். செத்துப்போன மாமாவின் கடையைக் கவனிக்கத் தீவுக்கு வந்தவர், மாமாவின் விதவையையே கல்யாணம் செய்துகொண்டார். ஊர் யூதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கோயில் சபை அந்தக் கல்யாணத்தைப் பல ஆண்டுகள் ஏற்க மறுத்தது. ஒதுக்கி வைத்த வீட்டுப் பிள்ளைகள் என்பதால், கறுப்பினக் குழந்தைகள் படித்த பள்ளியில்தான் பிஸாரோவும் சகோதரர்களும் போய் உட்கார்ந்தார்கள். ஊர் விலக்கு என்றால் என்ன என்பதை அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதிலேயே அறிந்துகொண்டார். கடைசிக் காலத்தில் அது வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

பன்னிரண்டு வயதில் பாரிஸுக்கு அருகே ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பையனுக்கு வரைவதில் ஆர்வம் பிடித்தது. 17 வயதில் அப்பா திரும்ப அழைத்துக் கடையில் உட்கார வைத்தார். துறைமுகத்துக்குப் போய், இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுவது வேலை. பையன் கணக்கும் எழுதினான். மூட்டை தூக்குபவர்களையும், தலையில் கூடை வைத்துப் போகும் பெண்களையும் கோடுகளாக இழுத்தான். 1848-ல் டேனியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். கரும்புக்கு ஆள் பற்றாமல் போனதும், பக்கத்துத் தீவான செயின்ட் குரோய்க்கு 1863-ல் கல்கத்தாவிலிருந்து சில நூறு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். நம் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கும் அதே நூற்றாண்டில் தமிழர்கள் அப்படித்தான் வந்தார்கள். ஒரே கரும்பு, ஒரே கதை, கடல் மட்டும் வேறு.

கல்லாப்பெட்டி வாழ்க்கையை ஐந்து வருடம் பொறுத்துக்கொண்டார். ஃபிரிட்ஸ் மெல்பி என்ற டேனிய ஓவியர் தீவுக்கு வந்ததும், 1852-ல் அவரோடு வெனிசுவேலாவுக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்த மகனைப் பார்த்து, இனி இவன் கடைக்கு ஆகமாட்டான் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. 1855-ல் பாரிஸ் போனார். அதற்குப் பிறகு பிறந்த தீவை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் கடைசி வரை டென்மார்க் குடிமகனாகவே இருந்தார்.

பாரிஸில் அந்தக் காலத்து ஓவியம் என்றால் மன்னர்கள், போர்கள், புராணக் காட்சிகள். அறைக்குள் உட்கார்ந்து, வழவழப்பாக, தூரிகை பட்ட தடமே தெரியாமல் முடிக்க வேண்டும். பிஸாரோவுக்கு அது ஒத்துவரவில்லை. கோரோ என்ற மூத்த ஓவியரின் அறிவுரைப்படி துணியையும் சாயப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். உழுத நிலம், முட்டைக்கோஸ் பாத்தி, ஆப்பிள் மரம், சேற்றுப் பாதை, குனிந்து களையெடுக்கும் பெண் எல்லாம் அவருடைய ஓவியத்துக்கு வந்தன. பாரிஸுக்கு வெளியே போந்துவாஸ், லூவெசியென் போன்ற ஊர்களில் குடியிருந்தார். பணக்கார நிலக்காரன் பார்க்கும் வயலாக அவர் வரைந்ததில்லை. அவருடைய படங்களில் நிலம் எப்போதும் வேலை நடக்கும் இடம்.

அம்மா வீட்டில் வேலைக்கு இருந்த ஜூலி என்ற பெண்ணை அவர் விரும்பினார். விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பா அம்மா சம்மதிக்கவில்லை. தங்கள் கல்யாணத்தை ஊர் ஏற்காத வேதனையை அனுபவித்தவர்கள்தான்! ஆனாலும் மகன் விஷயத்தில் மனம் இளகவில்லை. மூத்த மகன் லூசியான் 1863-ல் பிறந்தான். கல்யாணப் பதிவு 1871-ல்தான் நடந்தது. மொத்தம் எட்டுப் பிள்ளைகள். ஒன்று பிறந்த உடனே போயிற்று. இத்தனை வாய்களுக்கும் சோறு போட்டது பெரும்பாலும் ஜூலியின் தோட்டமும் கோழிகளும் முயல்களும்தான். பிஸாரோவின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அந்த அம்மாளைப் பற்றி இரண்டு வரியோடு கடந்துபோய்விடுகிறார்கள். அது நியாயமில்லை. அவர் மண்வெட்டி பிடிக்காமல் இருந்திருந்தால் இவர் தூரிகை பிடித்திருக்க முடியாது.

1868-ல் வீட்டுச் செலவுக்காக ஜன்னல் திரைகளுக்குப் படம் போடும் கூலி வேலையும் பார்த்தார். ஜன்னல் பின்னாளில் அவர் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்!

1870-ல் பிரஷ்யப் படை பிரான்ஸுக்குள் புகுந்தது. குடும்பத்தோடு லண்டனுக்கு ஓடினார். போர் முடிந்து திரும்பியபோது லூவெசியென் வீடு வீடாக இல்லை. படைவீரர்கள் தங்கியிருந்தார்கள். இருபது வருட உழைப்பு, ஏறக்குறைய 1500 படங்கள் அங்கே இருந்தன. தோட்டத்துச் சேற்றில் பூட்ஸ் அழுக்காகாமல் இருக்க, படத் துணிகளை மிதியடியாகப் போட்டு நடந்திருக்கிறார்கள். மிஞ்சியவை 40 அளவில்தான். ஒரு மனிதன் 41 வயதில் இப்படி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு மறுபடி முதல் கோட்டிலிருந்து தொடங்குவது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். அவர் தொடங்கினார்.

லண்டனில் ஒரு நன்மை நடந்தது. தூரான் ரூவேல் என்ற ஓவிய வியாபாரியின் பழக்கம் அங்கே கிடைத்தது. பிரான்ஸ் திரும்பிய பிறகு மோனே, ரெனுவார், தெகா, செசான் ஆகிய நண்பர்களோடு சேர்ந்து, அரசாங்கக் கண்காட்சியை நம்பாமல் சொந்தமாகக் கண்காட்சி நடத்துவது என்று முடிவு செய்தார்கள். 1874 ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் கண்காட்சி திறந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பிஸாரோவின் சின்ன மகள் இறந்துபோயிருந்தாள். பத்திரிகைகள் கேலி செய்தன. அரைகுறை வேலை, சாயத்தை அப்பியிருக்கிறார்கள் என்று சிரித்தன. கேலியாக வைத்த இம்பிரஷனிஸ்ட் என்ற பெயரே இயக்கத்துக்குப் பெயராக நிலைத்தது. 1874-லிருந்து 1886 வரை அந்தக் குழு எட்டுக் கண்காட்சிகள் நடத்தியது. கோபித்துக்கொண்டு போனவர்கள் பலர், இடையில் வந்தவர்கள் பலர். எட்டிலும் படம் வைத்தவர் பிஸாரோ ஒருவர்தான். செசானும் கோகானும் அவரிடம் வந்து பக்கத்தில் நின்று வரைந்து கற்றுக்கொண்டார்கள். நீண்ட வெள்ளைத் தாடியும், யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தயங்காத குணமும் சேர்ந்து அவரைக் குழுவுக்கே பெரியவர் ஆக்கியிருந்தன.

பெரியவர் என்ற மரியாதை அடுப்பில் உலை வைக்காது. பாரிஸில் ஒரு பலகாரக் கடைக்காரர் அவருடைய படத்தைக் கடையில் குலுக்கல் பரிசாக வைத்தாராம். பரிசு விழுந்த பெண், படத்துக்குப் பதில் ஒரு கிரீம் பன் தரமுடியுமா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அன்றைக்கு அவர் படத்தின் மதிப்பு அதுதான். நடுவில் நான்கைந்து வருடம், சூரா என்ற இளைஞரின் புள்ளி முறையைப் பிடித்துக்கொண்டார். சாயங்களைக் கலக்காமல் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்துப் படம் செய்யும் முறை அது. ஐம்பது தாண்டியவர் தன் பாதி வயதுப் பையனிடம் பாடம் கற்கிறாரே என்று நண்பர்கள் முகம் சுளித்தார்கள், வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு படம் முடியவே மாதக்கணக்கில் ஆனது. ஓடும் மேகத்தைப் புள்ளி வைத்துப் பிடிக்க முடியாது என்று கண்டதும் அதை விட்டார். ஆனால் ஒரு சாயத்தின் பக்கத்தில் இன்னொரு சாயத்தை வைத்தால் இரண்டும் எப்படி மின்னும் என்ற பாடத்தை மட்டும் கையோடு கொண்டுவந்தார்.

1884 முதல் எரான்யி என்ற கிராமத்தில் குடியிருந்தார்கள். 1892-ல் வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னபோது பிஸாரோ லண்டனில் இருந்தார். ஜூலி தானே மோனேயிடம் போய்க் கடன் கேட்டார். மோனே 15,000 பிராங்க் கொடுத்தார். வீடு நிலைத்தது.

இப்போது கண்ணுக்கு வருவோம். 1888 வாக்கில் வலது கண்ணில் தொல்லை ஆரம்பித்தது. கண்ணீர்ப் பையில் சீழ் கட்டி வீங்கும். அறுவை செய்வார்கள், ஆறும், மறுபடி கட்டும். காற்றும் தூசியும் பட்டால் உடனே வீக்கம். இது ஓவியருக்கு, அதுவும் வெட்டவெளியில் நின்று வரைந்தே பழகிய ஓவியருக்கு வரும் நோயா? பால்மரம் சீவுகிறவனுக்கு விடிகாலைப் பனி ஆகாது என்று வைத்தியர் சொன்ன மாதிரிதான். முப்பது வருடமாக வயலே அவருடைய பட்டறை. பட்டறைக்குள் நுழையாதே என்று கண் கதவை அடைத்துவிட்டது. கட்டுப்போட்ட கண்ணோடு, அறுபதைத் தாண்டிய வயதில், வீட்டில் இன்னும் படிக்கிற பிள்ளைகள் இருக்கும்போது.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து வரைவது என்று முடிவு செய்தார். எரான்யியில் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவது அதே புல்வெளி, அதே ஆப்பிள் மரங்கள். புதிதாக எதையாவது வரைய வேண்டுமென்றால் பட்டணத்துக்குத்தான் போகவேண்டும். உயரமான ஹோட்டலில் மேல்மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஜன்னல் ஓரம் சட்டத்தை நிறுத்திக்கொண்டால், காற்றும் தூசியும் வெளியே, ஊர் முழுக்கக் கண்ணுக்கு எதிரே. 1893-ல் பாரிஸின் சான் லாசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இப்படி ஆரம்பித்த வேலை, அவர் சாகும் வரை பத்து வருடம் நடந்தது. அந்தப் பத்து வருடத்தில் அவர் வரைந்த நகரக் காட்சிகள் முந்நூறுக்கு மேல்.

அவரும் பட்டணத்தை விரும்பி வந்தவரில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த நம்மவர்கள் நிறையப் பேர், ஊர் என்றால் இன்னும் அந்த லயத்தையும் வரிசை மரங்களையும்தான் நினைக்கிறார்கள். அழகு அங்கே இருக்கிறது, வயிற்றுப்பாடு இங்கே இருக்கிறது என்று மனத்தில் ஒரு கோடு. நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களைப் பாருங்கள்: மலை, ஆறு, குடிசை, இரண்டு தென்னை, அஸ்தமன சூரியன். பஸ் நிலையத்தை யாராவது காலண்டரில் போடுகிறார்களா? பாரிஸிலும் அன்றைக்கு அப்படித்தான். வழக்கமாக அசிங்கம் என்று சொல்லப்படும் தெருக்களை வரையக் கிடைத்ததில் மகிழ்ச்சி என்று பிஸாரோ மகன் லூசியானுக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தெருக்களில் வெள்ளி மாதிரி ஒரு வெளிச்சம் இருப்பதை அவர் கண்டிருந்தார்.

1896-ல் இரண்டு முறை ரூவான் நகரத்துக்குப் போனார். ஸேன் நதிக்கரைத் துறைமுகப் பட்டணம். அங்கே உலகப் புகழ் பெற்ற மாதா கோயில் ஒன்று உண்டு. அதன் முகப்பைத்தான் மோனே விதவிதமான வெளிச்சத்தில் வரைந்து, முந்தைய ஆண்டு பாரிஸில் காட்டிப் பெரும் பேர் வாங்கியிருந்தார். பிஸாரோ கோயில் முகப்பின் பக்கம் போகவில்லை. ஹோட்டல் ஜன்னலுக்கு நேரே தெரிந்த பொய்ல்தியூ பாலத்தை எடுத்துக்கொண்டார். பாலத்தின் மேல் குதிரை வண்டிகள், நடந்துபோகும் தொழிலாளிகள். கீழே சரக்குப் படகுகள், பளுதூக்கிகள். அக்கரையில் ஆலைப் புகைபோக்கிகள். மழையில் ஒன்று, மூடுபனியில் ஒன்று, சூரியன் விழும்போது ஒன்று. புகையை அவர் அழுக்காகப் பார்க்கவில்லை. காலையில் அது இளஞ்சிவப்பு, மதியம் சாம்பல், மாலையில் ஊதா. சிறு வயதில் செயின்ட் தாமஸ் கரையில் சரக்கு எண்ணிக்கொண்டே வரைந்த பையன்தானே! பாகான் டாலாமில் மேல்மாடித் தாழ்வாரத்தில் நின்று, துறைமுகத்துப் பளுதூக்கிகளையும், ஜார்ஜ் டவுன் பக்கம் போகும் ஃபெரியையும், அந்தக் கரையில் மழை இறங்குவதையும் பார்த்திருப்பவர்களுக்கு இந்த ரூவான் படங்கள் அந்நியமாகத் தெரியாது.

1897 பிப்ரவரியில் பாரிஸுக்கு வந்து, ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடியில் அறை எடுத்தார். கீழே மோன்மார்த்ர் அகலச்சாலை நேர்கோடாக ஓடுகிறது. பழைய சந்து பொந்துகளை இடித்து, ஓஸ்மான் என்ற அதிகாரி முப்பது நாற்பது வருடம் முன்பு போட்ட புதிய பாரிஸ் அது. இரண்டு பக்கமும் ஒரே உயரக் கட்டடங்கள், நடைபாதை, வரிசை மரங்கள், கடைகள், விளம்பரத் தூண்கள், நடுவில் ஓயாத வண்டிப் போக்குவரத்து. இரண்டு மாதத்துக்கு மேல் அந்த ஒரே ஜன்னலில் உட்கார்ந்து, அந்த ஒரே சாலையை 14 முறை வரைந்தார். இன்னொரு பக்கம் தெரிந்த சாலையை இரண்டு முறை.

வேலை செய்யும் முறை இப்படி. பல துணிகளை ஒரே சமயத்தில் தயாராக வைத்துக்கொள்வார். காலை வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. மழை வந்தால் வெயில் படத்தை இறக்கிவிட்டு மழைப் படத்தை ஏற்றுவார். வெயில் திரும்பினால் மறுபடி மாற்று. வானிலை எதுவானாலும் அவருக்கு வேலை இருந்தது, ஓய்வுதான் இல்லை. மாடியிலிருந்து பார்ப்பதால் மனிதர்கள் சிறு சிறு தீற்றல்கள். ஒரு தீற்று, ஒரு தொப்பி. இன்னொரு தீற்று, குடை பிடித்த பெண். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் சாயத் திட்டுகள். நான்கு அடி பின்னால் வந்தால் கூட்டம் நகர ஆரம்பிக்கும். 1873-ல் மோனே இப்படி ஒரு சாலையை வரைந்தபோது கறுப்பு நாக்குத் தடங்கள் என்று கேலி செய்த ஊர், இப்போது வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

சாம்பல் நிறத்தில் அவர் செய்த வேலையைத்தான் சொல்லவேண்டும். பாரிஸ் குளிர்காலம் என்றால் சாம்பல் வானம், சாம்பல் கல், சாம்பல் சாலை. நாமாக இருந்தால் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பூசிவிட்டுப் போவோம். அவர் நீலத்தையும் இளஞ்சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் மெல்லிய தீற்றல்களாகப் பக்கம் பக்கமாக வைத்தார். தூரத்தில் பார்க்கிற கண்தான் அதைச் சாம்பலாகச் சேர்த்துக்கொள்கிறது. நிழலில் ஊதா இருக்கிறது. நனைந்த சாலையில் வானம் இருக்கிறது. மாலை நான்கு மணி மழை விட்ட பிறகு தார் சாலையில் கார் விளக்குகள் சிவப்பாக நீண்டு விழுவதை நாமும் தினமும் பார்க்கிறோம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பார்த்துவிட்டு விடுகிறோம். அவருக்கு அந்த அவசரம் இல்லை. அந்த ஆண்டுத் திருவிழா ஊர்வலம் சாலையை நிறைத்தபோது அதையும் வரைந்தார். காகிதச் சுருள்கள் மரமெல்லாம் தொங்க, சாலை கொள்ளாத கூட்டம். பினாங்கில் தைப்பூச ரதம் வரும் பாதையை மாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த வருடக் கடைசியில் இடி விழுந்தது. மூன்றாவது மகன் ஃபெலிக்ஸ், அவனும் ஓவியன், லண்டனில் காசநோயோடு கிடந்தான். 1897 நவம்பர் 25-ஆம் தேதி இறந்தான். வயது 23. அப்பா 67 வயதில், ஒரு கண் ஓயாமல் சீழ் கட்டும் நிலையில், சில வாரங்களுக்குள் லூவ்ர் ஹோட்டலில் அறை எடுத்து மறுபடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். எதிரே ஓபேரா அவென்யூ, கோடியில் ஓபேரா மாளிகை, கீழே ஒரு சதுக்கம், இரண்டு நீரூற்றுகள், சுற்றிச் சுற்றிப் போகும் குதிரை வண்டிகள். அடுத்த ஏப்ரல் வரை 15 படங்கள். மழையிலும் பனியிலும் வரைந்தவை அவற்றில் உண்டு; அழுகிற படம் ஒன்றுகூட இல்லை. மகன் போன துக்கத்தை எங்கே வைத்தார் என்று தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்களின் முதுகுகள்தான் அந்தப் படங்களில் இருக்கின்றன.

வரைந்துகொண்டிருந்த அந்தத் தெருக்களே அப்போது அவருக்கு ஆபத்தாகவும் இருந்தன. திரைஃபுஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, உளவு பார்த்தார் என்று பொய்க் குற்றம் சாட்டி 1894-ல் தண்டித்திருந்தார்கள். 1898 ஜனவரியில் எழுத்தாளர் எமில் ஸோலா அந்த அநியாயத்தைப் பத்திரிகையில் அம்பலப்படுத்தியதும் பாரிஸ் இரண்டாகப் பிளந்தது. யூதர்களுக்கு எதிராகக் கோஷம் போடும் கும்பல்கள் தெருவில் திரிந்தன. ஜன்னலிலிருந்து வெளிச்சத்தைப் பிடித்த கிழவர், மாலையில் கீழே இறங்கி நடந்தால் அந்தக் கும்பல்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் ஒளியவில்லை, ஸோலாவின் பக்கம் நின்றார். இருபது வருடத்துக்கு மேல் கூட இருந்த தெகாவும் ரெனுவாரும் எதிர்ப்பக்கம் போனார்கள். அவரைத் தவிர்த்தார்கள். பிறந்த ஊரில் பார்த்த அதே விலக்கு, இம்முறை நண்பர்கள் கையால். மோனே ஸோலாவின் பக்கம் இருந்தார். திரைஃபுஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது 1906-ல். பிஸாரோ அதைக் கேட்க இல்லை.

அதற்குப் பிறகும் ஜன்னல்கள் மாறிக்கொண்டே இருந்தன. துய்லெரி பூங்காவுக்கு எதிரே ஒரு வீடு. பிறகு ஸேன் நதியின் நடுத் தீவு முனையில் ஒரு வீடு. அங்கிருந்து பழைய பாலமும், நதியும், தூரத்தில் லூவ்ர் அரண்மனையும். கோடையில் தியெப் என்ற மீன்பிடித் துறைமுகம். 1903 கோடையில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஒரு ஹோட்டல் அறை. அங்கே கப்பல் வரும் கல்லணையையும் மாலுமிகளையும் வரைந்தார். அந்த ஊர் அருங்காட்சியகம் இரண்டு படங்களை விலை கொடுத்து வாங்கியது. வாழ்நாள் முழுக்கப் பிரான்ஸை வரைந்தவரிடம், பிரான்ஸின் பொது நிறுவனங்கள் அவர் உயிரோடு இருக்கும்போது வாங்கியது மிகச் சொற்பம். பாரிஸ் திரும்பிப் புதிய வீட்டுக்குக் குடிபோகும் ஏற்பாட்டில் இருந்தபோது உடம்புக்கு முடியாமல், ரத்தத்தில் நஞ்சு ஏறி, 1903 நவம்பர் 13-ஆம் தேதி இறந்தார். கண் நோயால் அல்ல.

கிரீம் பன்னுக்கு ஈடாகாத படங்களின் இன்றைய விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மோன்மார்த்ர் சாலையின் வசந்தகாலக் காலை ஒன்று 2014-ல் லண்டன் ஏலத்தில் ஏறக்குறைய 2 கோடி பவுண்டுக்குப் போனது. ஃபெலிக்ஸ் இறந்ததும் வரைந்த வரிசையில் ஒன்று, மழை பெய்த சான் ஓனோரே தெரு. அதை வைத்திருந்த யூதக் குடும்பத்துப் பெண்மணி, 1939-ல் நாஜி ஜெர்மனியிலிருந்து உயிர் தப்ப அதைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதாயிற்று. இப்போது அது மத்ரித் நகர அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. திருப்பித் தரக் கேட்டு வாரிசுகள் போட்ட வழக்கு 2022-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போனது.

நம் பக்கத்திலும் இந்த வழியில் நடந்த ஒருவர் உண்டு. பினாங்கில் 1930-ல் பிறந்த தான் சூன் கீ, சிங்கப்பூரிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து, ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளையும் கோயில்களையும் மசிக்கோட்டிலும் நீர்ச்சாயத்திலும் வரைந்து தள்ளினார். 2010-ல் காலமானார். மலேசியத் தெருக்களை வரைகிற இளைஞர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தால், எழுந்து போய்ப் படி என்று விரட்டாமல் என்ன வரைகிறான் என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

மோன்மார்த்ர் சாலையின் பதினான்கு படங்களில் ஒன்று இரவில் வரைந்தது. பிஸாரோ வாழ்நாளில் வரைந்த ஒரே இரவுத் தெரு அதுதான் என்கிறார்கள். நடுச்சாலையில் வெள்ளையாக மின்சார விளக்குகள், ஓரத்தில் மஞ்சளாகக் கடை வெளிச்சம், நனைந்த தரையில் அத்தனையும் கலங்கிக் கிடக்கிறது. வாடகைக்குக் காத்திருக்கும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. லண்டன் தேசிய ஓவியக் கூடம் அதை 1925-ல் வாங்கியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.